பரிசு இந்தப் பக்கம்

உயிர் போகிற நேரத்திலும் பரிசு என்றதும் திரும்பி ஓடிவந்த கூட்டம் என்று எங்களைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிவிட்டவர் எங்கள் கம்பெனியில் ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கிற பர்சனல் ஆபீசர். எதைச் சொன்னாலும் பல்லெல்லாம் தெரியச் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு சார். தீ விபத்து நடந்து முடிந்த பிறகு கேன்டீனில், கேட்டில், வந்துபோகிற ஆட்களிடம் என்று அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அந்தக் கதையில் பரிசு என்று கத்தினவள் என் அண்ணி. திரும்பி ஓடினவர்களில் நானும் ஒருத்தி. நடந்ததை நடந்தபடி சொல்ல அவரைவிட எனக்குத்தான் உரிமை உண்டு.

முதலில் அண்ணியைச் சொல்லிவிடுகிறேன். நான் அவளுடைய நாத்தனார், அதனால் குறையிலிருந்துதான் ஆரம்பிக்க வருகிறது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். வாளியைக் கவிழ்த்து வைக்கவில்லை என்றால் கோபம், விளக்கை அணைக்காமல் வந்தால் கோபம், கோபப்பட ஒன்றும் இல்லாத நாளில் அதற்கும் ஒரு கோபம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் தங்கையுமாக வந்தாள். அவர்களுடைய அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். "கல்யாணப் பொண்ணு வரும்போதே வளந்த பிள்ளையோட வர்றாளே" என்று எங்கள் அம்மா முணுமுணுத்தது அண்ணியின் காதில் விழுந்துவிட்டது. அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அந்தத் தங்கையை நாங்கள் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்ததும், படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் கம்பெனிக்குக் கூட்டிவந்து மிஷினில் உட்காரவைத்ததும் அண்ணிதான்.

எங்கள் கம்பெனி பள்ளிக்கூடப் பைகள் தைப்பது. இரண்டாவது மாடி முழுக்க வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள். நான் தோளில் மாட்டுகிற பட்டையைத் தைப்பேன், சின்னவள் ஜிப் வைப்பாள். அண்ணி நூல் வெட்டுகிறவளாகச் சேர்ந்து, மிஷினுக்கு வந்து, கடைசியில் செக்கிங் மேஜைக்குப் போனவள். அவள் தள்ளிவிட்ட பையைத் திரும்பத் தைக்காமல் தப்பித்தவர்கள் யாரும் இல்லை, தங்கை உட்பட. இப்படிக் கண்டிப்பான ஆள் கிடைத்தால் கம்பெனி விடுமா? தீ ஒத்திகைக்கு நீதான் பொறுப்பு என்று சொல்லி அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் விசில் அக்கா.

எங்கள் மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டு. முன்பக்கம் அகலமான படி, டைல்ஸ் போட்டது, நேராகப் பெரிய கேட்டுக்குப் போகும். அந்தப் படிக்கு அடியில் ஸ்பாஞ்சும் ரெக்ஸின் சுருள்களும் கூரை முட்ட அடுக்கியிருக்கும். பின்பக்கம் சுவருக்கு வெளியே ஓர் இரும்புப் படி. குறுகலானது, நடந்தால் கடகடவென்று ஆடும். இறங்கினால் வெட்டுத்துணி மூட்டைகள் கிடக்கிற பின்முற்றம். தீப்பிடித்தால் முன்படி அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்று அண்ணிக்குத் தெரியும், அதனால் ஒத்திகை எப்போதும் பின்படியில்தான். சைரன் அடிக்கும், அவள் விசில் ஊதுவாள், நாங்கள் எழுந்து போவோம். போவோம் என்றால் எப்படி? கொட்டாவி விட்டுக்கொண்டு, வாடகையையும் மாமியாரையும் பேசிக்கொண்டு, மிஷினில் பாதியில் நிற்கிற பட்டையை நினைத்துக்கொண்டு. இறங்கி வெயிலில் நின்று, மறுபடி ஏறிவந்து உட்காருவோம். உட்கார்ந்ததும் அது மறந்துபோகும். விசிலையும் அவள் டீ நேரத்துக்கு ஊதினாள், பேச்சுச் சத்தத்துக்கு ஊதினாள், கீழே சிந்திய நூலுக்கு ஊதினாள். எதற்கெடுத்தாலும் ஊதினால் எந்தக் காது அதை மதிக்கும்?

அப்போதுதான் சிரிப்பு சார் தலையிட்டார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள், ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும், இந்த ஆமை வேகம் ஆகாது என்றார். முன் கேட்டில் கம்பெனி போர்டுக்குக் கீழே முதலில் வந்து நிற்கிற வரிசைக்கு ஆளுக்கொரு பிளாஸ்க் என்று அறிவித்தார்.

அண்ணி அவர் அறைக்கே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"சார், முன்படி வேணாம் சார். கீழ பூரா ஸ்பாஞ்சு கெடக்கு. ஒண்ணு ஆச்சுன்னா அந்த வழியே இருக்காது."

"அட, இது சும்மா ஒத்திகைதானேம்மா! போர்டு தெரியற மாதிரி போட்டோ வரணும். பின்னாடி குப்பை மூட்டை முன்னாடி நிக்க வச்சு எடுக்க முடியுமா?"

"ஒத்திகைல எப்படி ஓடுறாங்களோ அப்படித்தானே சார் நெசத்துலயும் ஓடுவாங்க?"

"நெசத்துல நீங்க விசில் ஊதுவீங்கல்ல, திருப்பி விட்டுடுங்க" என்று சொல்லி அவர் சிரித்தார். அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒத்திகையன்று நடந்தது ஒத்திகையே இல்லை, திருவிழா. சைரன் அடித்ததும் கத்தலும் சிரிப்புமாக மொத்த மாடியும் முன்படியில் இறங்கியது. ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள், இன்னொருத்தி அந்தச் செருப்பையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவள் சின்னவள். எதிலும் முதலாக வராத பெண் அன்று முதலாக வந்தாள். அவள் பெயரை மைக்கில் சொல்லிக் கூப்பிட்டார்கள், கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அந்த பிளாஸ்க்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, காலையில் திறந்து பார்த்து, "சூடாவே இருக்கு" என்று எங்களைக் கேலி பண்ணினாள்.

அதற்குப் பிறகு எல்லா ஒத்திகையும் அப்படித்தான். ஒருமுறை குடை, ஒருமுறை டார்ச் லைட். ஒத்திகை எப்போது வரும் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். இவ்வளவு வேகமாக மாடியைக் காலி செய்கிற கம்பெனி வேறெதுவும் இல்லை என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். அண்ணிக்கு மேடையில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நியாயமாக அவள் அதைச் சிரிப்பு சார் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. மறுநாளே கட்டிக்கொண்டு வந்தாள், மணி பார்க்க வேண்டாத நேரத்திலும் அதைப் பார்த்தாள். பின்படியில் எங்களை இறக்கிப் பழக்குவதையும் விட்டுவிட்டாள். நான் அவளைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிடிவாதக்காரியான அவளே மசிந்துபோனாள் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

தீப்பிடித்தது ஒரு சாதாரண முற்பகலில். படிக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சில்தான் பற்றியது. சைரன் அடித்தது. ஒருத்தி, "இன்னைக்கு என்னடி குடுக்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். மொத்த மாடியும் முன்படியை நோக்கி ஓடியது. ரெக்ஸின் எரிகிற நாற்றம் வந்த பிறகும், கறுப்புப் புகை படி வழியாக மேலே ஏறிய பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. பயம் வந்ததும் திரும்பியிருக்க வேண்டாமா என்று சிரிப்பு சார் பின்னால் கேட்டார். பயம் வந்ததால்தான் இன்னும் வேகமாக முன்னால் ஓடினோம். பயந்த காலுக்கு யோசிக்கத் தெரியாது, பழகிய பக்கம்தான் போகும்.

செக்கிங் மேஜை பின்கதவுக்குப் பக்கத்தில். அண்ணி அதன்மேல் ஏறி நின்று விசில் ஊதினாள். ஒரு தலையும் திரும்பவில்லை. "பின்னாடி வாங்க! முன்னாடி தீ! பின்னாடி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் அதைக் கேட்டேன். என் காதில் விழுந்தது, காலுக்குப் போகவில்லை. முன்னால் இருந்தவள் முதுகைத் தள்ளிக்கொண்டே போனேன்.

அப்போது அவள் கத்தினாள்.

"பரிசு இந்தப் பக்கம்! ஏய், பரிசு இன்னைக்குப் பின்னாடி! பரிசு இந்தப் பக்கம்டி!"

திரும்பினோம். நான் திரும்பினேன். என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவள் அழுதுகொண்டே திரும்பினாள். ஏன் திரும்பினோம் என்று யாருக்கும் தெரியாது. பிளாஸ்க் வேண்டும் என்று ஒருத்தியும் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. சைரன், ஓட்டம், பரிசு என்று மூன்றையும் சேர்த்து எங்களுக்குள் அடித்து இறக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்களை அசைக்கக்கூடிய சொல் அது ஒன்றுதான் என்று அண்ணிக்கு எப்படியோ புரிந்துவிட்டது. இரும்புப் படி வழியாக இறங்கிப் பிழைத்தோம். இதைத்தான் அந்த மனுஷன் பேராசை என்று சொல்லிச் சிரிக்கிறார்.

யாரும் சாகவில்லை. அதனால்தான் அவரால் சிரிக்க முடிகிறது. ஆனால் அண்ணி கத்துவதற்கு முன்பே படியில் இறங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் போனவள், வழக்கம்போல, சின்னவள். படியின் நடுவில் மயங்கி விழுந்து கிடந்தவளை கீழே சரக்கு ஏற்ற வந்து, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போன லாரி டிரைவர்கள் தூக்கிவந்தார்கள். தீக்காயம் அதிகமில்லை. புகை நெஞ்சுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. இனி மாடி ஏறுகிற வேலை கூடாது, தூசி கூடாது, ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்குப் பேச்சு திரும்பிய அன்று அண்ணி முதலில் கேட்டது இதுதான்:

"ஏன்டி பின்படிக்கு வரல?"

"எந்தப் பின்படி?"

"இரும்புப் படிடி. பின்னாடி."

சின்னவள் அக்காவை உற்றுப் பார்த்தாள். "நம்ம மாடிக்குப் பின்னாடி படி இருக்கா?"

விளையாடுகிறாள் என்று நான்தான் அதட்டினேன். அவள் விளையாடவில்லை. வருஷக்கணக்காக அவள் ஏறி இறங்கிய படி அது. முதல் பிளாஸ்க் வாங்கிய நாளைப் பற்றிக் கேட்டோம். கொட்டித் தீர்த்தாள். தான் போட்டிருந்த சட்டையின் நிறம், ஓடும்போது காலை மிதித்தவள் யார், மைக் கரகரத்தது, கேட்டுக்கு வெளியே ஐஸ்கிரீம் வண்டி நின்றது, அன்று காலையில் நான் அவளிடம் சீப்பைக் கேட்டுச் சண்டை போட்டது வரைக்கும். சீப்புச் சண்டைக்கும் பரிசுக்கும் என்ன சம்பந்தம்? பரிசு வந்த நாள் என்பதால் அந்தச் சண்டையும் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மனம் குதித்த நாளில் கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி வைத்துக்கொள்கிறது. கொட்டாவி விட்ட நாளில் கதவையே திறப்பதில்லை.

விசாரணை வந்தது. அதற்கு முன்தினம் சிரிப்பு சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, சின்னவள் இருமுகிற சத்தத்துக்கு நடுவில் பேசினார்.

"நீங்கதான் ஹீரோ. கம்பெனி உங்களை மேடை ஏத்தி மரியாதை பண்ணப்போகுது. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பின்படில எல்லாருக்கும் பயிற்சி குடுத்தேன், அவங்கதான் பதட்டத்துல முன்னாடி ஓடிட்டாங்க. உண்மைதானே?"

"இவளும் தப்பா ஓடினான்னு சொல்லணுமா?"

"எழுத்துல அப்படித்தான் வரும். இல்லேன்னா பயிற்சி சரியில்லைன்னு ஆகும். பயிற்சிக்கு யாரு பொறுப்பு? நீங்க. வேலை போயிடும்மா. தங்கச்சி இப்படி இருக்கும்போது உங்க வேலையும் போகணுமா?"

இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். நான் அவருக்கு டீ போடவில்லை.

விசாரணைக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் எங்களிடம் இல்லாததையே கேட்டார். சைரன் அடித்து எவ்வளவு நேரம் கழித்துப் புகை வந்தது? உங்களுக்கு இடது பக்கம் நின்றது யார்? எனக்குத் தெரியவில்லை. காலடியில் ஓர் ஆரஞ்சு நூல்கண்டு அவிழ்ந்துகொண்டே உருண்டது, அது மட்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைச் சொன்னேன். நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும்போது கண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எதையோ மறைக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சின்னவளை நாற்காலியோடு தூக்கிவந்திருந்தார்கள்.

"பின்படி இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் அக்காவைப் பார்க்கவே இல்லை. "தெரியும் சார். அக்கா எத்தனையோ தடவை கூட்டிட்டுப் போயிருக்கா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தா. நான்தான் பயத்துல தப்பா ஓடிட்டேன்."

வீட்டில் சிரிப்பு சார் பேசியதையெல்லாம் படுக்கையிலிருந்து கேட்டிருக்கிறாள். பழியை மொத்தமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். சிரிப்பு சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அண்ணி எழுந்தாள்.

"அவ பொய் சொல்றா சார். அவளுக்குத் தெரியாது."

"நீங்க கூட்டிட்டுப் போகலையா?"

"போனேன். ஆனா அவளுக்குத் தெரியாது. இங்க ஒருத்திக்கும் தெரியாது. சைரன் அடிச்சா முன் கேட்டுக்கு ஓடணும், அது ஒண்ணுதான் தெரியும். அதை நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். இவர் பரிசு குடுத்தார், நான் பக்கத்துல நின்னு கை தட்டினேன். நாங்க என்ன கத்துக்குடுத்தோமோ அதை அன்னைக்கு எல்லாரையும்விட ஒழுங்கா செஞ்சது இவதான். அவளைப் போய்த் தப்பா ஓடினான்னு எழுதுவீங்களா?"

"அப்போ பயிற்சி தப்புன்னு ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கறேன். அவரும் ஒத்துக்கட்டும்."

சிரிப்பு சார் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அண்ணியின் வேலை போனது. சிரிப்பு சாரைக் கூப்பிட்டு வாயால் எச்சரித்தார்களாம். அடுத்த ஒத்திகைக்குள் பரிசு மேஜையைப் பின்முற்றத்துக்கு மாற்றிவிட்டார். இத்தனைக்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், மேஜையை நகர்த்த. நாளைக்குப் பின்பக்கம் தீப்பிடித்தால் அங்கே ஓடி வேகட்டும் என்று விட்டுவிட்டார். நான் இன்னும் அங்கேதான் பட்டை தைக்கிறேன். சைரன் அடித்ததும் என் கால் மேஜையைத் தேடிக்கொண்டு தானாகப் போகிறது. அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தான் சொன்ன பொய்யை அக்கா ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிட்டாள் என்று சின்னவளுக்கு ஆத்திரம். தன்னைக் காப்பாற்ற இவள் யார் என்று அண்ணிக்கு ஆத்திரம். சாப்பாட்டுத் தட்டு டங்கென்று வைக்கப்படும், டங்கென்று நகர்த்தப்படும். நடுவில் நான்தான் தூது. "மாத்திரை சாப்பிட்டாளான்னு கேளு", "சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்று இரண்டடி தூரத்துக்கு நான் ஒரு தபால்காரி. ஒருநாள் மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசித் தொலைங்க! என்னால முடியல."

சின்னவள் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நான் பொய் சொல்றேன்னு அவ்ளோ உறுதியா எப்படிச் சொன்ன? எனக்கு ஞாபகம் வந்திருக்கலாம்ல?"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் படில நீ ஒருநாளும் முழிச்சுக்கிட்டு எறங்கினதில்லடி. ஒவ்வொரு தடவையும் கொட்டாவி விட்டுட்டே வந்த. நான் பாத்தேன். இவளுக்கு ஒண்ணும் ஏறலன்னு அப்பவே எனக்குத் தெரியும். நம்ம சின்னவதானே, பாவம், காலைல சீக்கிரம் எழுந்தவன்னு விட்டுட்டேன்."

சின்னவள் முகம் சிவந்தது. கையிலிருந்த டம்ளரைக் கட்டிலில் ஓங்கி அடித்தாள்.

"எதுக்குப் பாவம் பாத்த? பையில ஒரு தையல் விட்டுப்போனா மாடியே கேக்க என்னைத் திட்டுவல்ல? அன்னைக்கு அந்தப் படில வச்சு ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? ஆயுசுக்கும் அந்தப் படியை மறந்திருக்க மாட்டேனே அக்கா!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. அண்ணி மடித்த துணியைப் போட்டுவிட்டுப் போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.